இசை இதழ் அட்டையை அலசும் கேள்வி: இருபதுக்கு ஏழு வாங்கியவன் சொல்வது

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்ந்த முதல் வருடம், இரண்டாவது இன்டர்னல் தேர்வு. ஓர் இசை இதழின் அட்டையைக் கையில் கொடுத்து, 'இதன் காட்சி வடிவமைப்பை அலசுக' என்று கேட்டிருந்தார்கள். இருபது மதிப்பெண். அட்டையில் இருந்த பாடகரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே பிறந்தார், எந்த ஆல்பத்தில் பேர் வாங்கினார், யாரோடு சண்டை போட்டார் என்று மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். ஏழு வந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு அந்தப் பாடகர் யாரென்றே தெரியாது, அவனுக்குப் பதினான்கு.

கோபம்தான் வந்தது. அப்புறம் அவன் விடைத்தாளை வாங்கிப் படித்தபோது புரிந்தது. அவன் அட்டையைப் பற்றி எழுதியிருந்தான். நான் ஆளைப் பற்றி எழுதியிருந்தேன்.

அடுத்த இன்டர்னலுக்கு ஒரு மாதம் இருந்தது. லீவு நாட்களில் பென்னாகரம் ரோட்டில் மாமாவின் பிளக்ஸ் கடையில்தான் இருப்பேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க டிசைன் ஓடும். ஒருநாள் கல்யாண பிளக்ஸ் ஒன்றுக்கு வாழ்த்துவோர் பெயர்களையெல்லாம் சிவப்பில், தடித்த எழுத்தில் போட்டு வைத்தேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, வண்டியில போறவன் நாலு ரோட்டுல எவ்ளோ நேரம் நிப்பான்? அதுக்குள்ள அவன் கண்ணு எங்க போவணும்னு நீதான முடிவு பண்ணணும்? எல்லாரும் கத்துனா யாரு பேசறதும் கேக்காது" என்றார். பொண்ணு மாப்பிள்ளை படத்தை இழுத்துப் பெரிதாக்கினார். பெயர்களைக் கீழே சின்னதாக, ஒரே நிறத்தில் அடுக்கினார். இரண்டு நிமிட வேலை. வகுப்பில் 'விஷுவல் ஹையரார்க்கி' என்று ஒரு மணி நேரம் நடத்தியது இதைத்தான்.

அதனால் நான் சொல்லும் முதல் விஷயம், அட்டை கைக்கு வந்ததும் பேனாவை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். கண் முதலில் எங்கே விழுந்தது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, கடைசியில் எங்கே போய் நின்றது என்று ரஃப் பேப்பரில் ஒரு பெட்டி போட்டு 1, 2, 3 எனக் குறியுங்கள். பதிலின் வரிசை அதுதான். மாஸ்ட்ஹெட் (இதழின் பெயர்), படம், கவர் லைன் (அட்டையில் வரும் தலைப்பு வரி), பார்கோடு என்று பாடப்புத்தக வரிசையில் எழுதினால் வீட்டுச் சாமான் கணக்கெடுப்பு மாதிரி இருக்கும்.

இதைப் பழக எனக்கு உதவிய இடம் ஒன்று உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்கள். பள்ளியில் படிக்கும்போது கூட்டிப்போனார்கள், அப்போது வெறும் கல். இந்த முறை பார்த்தால் ஒவ்வொன்றும் அட்டை. நடுவில் வீரன், கையில் வில்லோ வாளோ. உடம்பில் தைத்த அம்பு. அவன் மீட்ட மாடுகள் காலடியில் பொம்மை அளவுக்கு. மாடு நிஜத்தில் அவ்வளவு சிறியதா என்ன? செதுக்கியவன் முடிவு பண்ணியிருக்கிறான், இங்கே ஆள்தான் பெரிது என்று. 'தொறு மீட்டுப் பட்டான்' (மாட்டு மந்தையை மீட்டு இறந்தான்) என்று வெட்டியிருப்பதுதான் கவர் லைன். எதை, என்ன செய்தான், என்ன ஆனான், மூன்றே சொல். (இதைத் தேர்வில் எழுதாதீர்கள். எழுதலாமா என்று எனக்கும் ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன்.)

இரண்டாவது, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் விழுந்த குழி. சிவப்பு என்றால் கோபம், கறுப்பு என்றால் சோகம், நீலம் என்றால் அமைதி என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பது. கல்யாண வீட்டில் சிவப்பு கோபமா? பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் நிறத்துக்குப் பொருள் வரும்.

'டினோடேஷன், கனோடேஷன்' என்ற இரண்டு சொல்லுக்கும் வகுப்பில் பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த்தின் உதாரணத்தைச் சொல்வார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1950களில் அவர் சலூனில் இருந்தபோது 'பாரி மாட்ச்' இதழ் கைக்கு வருகிறது. அட்டையில் பிரெஞ்சு ராணுவ உடையில் ஒரு கறுப்பின இளைஞன், கண்ணை உயர்த்தி சல்யூட் அடிக்கிறான். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான், அது டினோடேஷன். ஆனால் படம் சொல்வது, பிரான்ஸ் பெரிய பேரரசு, நிறம் பார்க்காமல் அதன் பிள்ளைகள் எல்லோரும் விசுவாசமாகச் சேவை செய்கிறார்கள் என்பது, அது கனோடேஷன். முதலாவதை மட்டும் எழுதினால் வர்ணனை. இரண்டாவதை மட்டும் எழுதினால் கதை. இதிலிருந்து அதற்கு எப்படிப் போனீர்கள் என்ற வழியைக் காட்டும்போதுதான் அலசல் ஆகிறது.

அந்த வழியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வேலை, மாற்றிப் பார்ப்பது. 'கெர்ராங்' என்று 1981இல் தொடங்கிய பிரிட்டன் ராக் இதழ் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிதாரை ஓங்கி இழுத்தால் வரும் சத்தம்தான் பெயரே. எழுத்துகள் கல் பட்ட கண்ணாடி போல் விரிசல் விட்டிருக்கும். அதே பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் வரும் வளைந்து நெளிந்த எழுத்தில் மனதுக்குள் போட்டுப் பாருங்கள். என்ன தொலைந்து போகிறதோ, அதுதான் அந்த விரிசல் செய்த வேலை. விடையில் அதை எழுதுங்கள். முகம் நேரே நம்மைப் பார்க்கிறதா? கண் மூடியிருந்தால் என்ன ஆகும்? நம் கச்சேரிப் படங்களில் பாடுபவர் பெரும்பாலும் கண்ணை மூடி பாட்டுக்குள் இருப்பார். ராக் இதழ்க்காரர் உங்களை முறைப்பார். ஒருவர் பாட்டைக் கேட்கச் சொல்கிறார், மற்றவர் தன்னைப் பார்க்கச் சொல்கிறார்.

இல்லாததைப் பற்றியும் எழுதலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 'ரோலிங் ஸ்டோன்' என்ற அமெரிக்க இசை இதழின் 1981 ஜனவரி 22 அட்டையைத் தேடிப் பாருங்கள். ஆன்னி லீபோவிட்ஸ் எடுத்த படம். ஆடையில்லாத பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன், கறுப்பு உடையில் படுத்திருக்கும் மனைவி யோகோ ஓனோவைக் குழந்தை போல் சுருண்டு கட்டிப்பிடித்திருக்கிறார். படம் எடுத்தது 1980 டிசம்பர் 8. அன்று இரவே லெனனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அட்டையில் இதழின் பெயரைத் தவிர தலைப்பு வரி எதுவும் கிடையாது. வழக்கமாகக் கூவி விற்கும் இடம் வாயை மூடிக்கொள்கிறது. துக்க வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லையே. அந்த வெறும் இடத்தைப் பற்றியே அரைப் பக்கம் எழுதலாம்.

அட்டை எங்கே உட்கார்ந்து விற்கிறது என்பதையும் யோசியுங்கள். ரேக்கில் பக்கவாட்டில் ஒன்றை ஒன்று மறைக்க அடுக்கும்போது இடது ஓரம்தான் தெரியும், அதனால் முக்கியமானது இடப்பக்கம் வரும் என்று மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இருக்கும். நம் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கிளிப் மாட்டி மேலும் கீழுமாகத் தொங்கவிடுவார்கள், தெரிவது மேல் பட்டை மட்டும். படத்தில் இருப்பவரின் தலை, இதழின் பெயரை மறைக்கிறது என்றால், பாதி எழுத்திலேயே அடையாளம் தெரியும் அளவுக்கு அது பழகிய இதழ் என்று பொருள். புது இதழுக்கு அந்தத் துணிச்சல் வராது. 1952இல் தொடங்கிய பிரிட்டன் இசை வார இதழ் 'என்எம்இ' 2015இல் இலவச இதழானது, 2018இல் அந்த வார அச்சு நின்றது. காசு கொடுத்து வாங்க வைக்கும் அட்டையும் சும்மா நீட்டும் அட்டையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கொடுத்த அட்டையில் விலை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆங்கிலச் சொற்களுக்குப் பயப்பட வேண்டாம். நான் தமிழ் மீடியம். முப்பது சொல் தெரிந்தால் போதும், இடம் பார்த்துப் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது இன்டர்னலில் வந்தது எங்கள் ஆசிரியரே தயார் செய்த கற்பனை இதழ். ஊதாப் பின்னணி, மைக்கை நெஞ்சோடு அணைத்த ஒரு பெண், அவள் கூந்தல் பெயரின் கடைசி இரண்டு எழுத்தை மறைத்திருந்தது. வலது கீழே மஞ்சள் வட்டத்தில் 'இலவச போஸ்டர்'. பழைய நான் என்றால் 'மஞ்சள் மகிழ்ச்சியின் நிறம்' என்று எழுதியிருப்பேன். இந்த முறை எழுதியது இப்படி: 'மைக்கை அவள் வாயருகே கொண்டுபோகவில்லை, நெஞ்சோடு வைத்திருக்கிறாள். பாடப் போவதாகத் தெரியவில்லை, மனம் விட்டுப் பேசப்போகிறாள் என்று தோன்றுகிறது. பெரிய கவர் லைனும் அவள் பேட்டியைத்தான் சொல்கிறது. ஊதாவின் அமைதியில் மஞ்சள் வட்டம் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. அவளுக்காக வாங்காதவனை போஸ்டருக்காக வாங்க வைக்க அது அப்படி நின்றாக வேண்டும்.'

பதினாறு வந்தது. நான்கு எங்கே போனது என்று கேட்டேன். ஆசிரியர் அட்டையை என் பக்கம் திருப்பி, பார்கோடுக்கு மேலே நகக்கண் அளவில் இருந்த விலையைக் காட்டினார். எண்பது ரூபாய். கல்லூரிப் பெண்களுக்கான இதழ் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன், எங்கள் வகுப்பில் எத்தனை பேர் அந்த விலைக்கு வாங்குவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.