1,900 டிகிரிக்குள் ஐந்து கார்பைடு

2024 ஜூன் 3, திங்கள்

இரண்டு வாரம் காத்திருந்து எஸ்பிஎஸ் மெஷினில் (மின்சாரமும் அழுத்தமும் கொடுத்துப் பவுடரைக் கெட்டியாக்குவது) ஒரு ஸ்லாட் கிடைத்தது. டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம், நியோபியம், டான்டலம் ஆகிய ஐந்தின் கார்பைடுகளையும் (உலோகமும் கார்பனும் சேர்ந்தவை) சம மோல் கணக்கில் கலந்து, ஒரே படிக அமைப்பாக்க வேண்டும். பெரும்பாலோர் 2,000 டிகிரியைத் தாண்டித்தான் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் அடர்த்தி வரும், கூடவே கிரெயினும் (உள்ளே இருக்கும் படிகத் துகள்) பெருத்துவிடும், பவுடரை அடைக்கும் அச்சான டையும் சீக்கிரம் வீணாகும். நான் 1,900-ல் நிறுத்தப் பார்க்கிறேன்.

20 மில்லிமீட்டர் டை, 4 மில்லிமீட்டர் கனம், 11.8 கிராம் பவுடர். ஹாஃப்னியம் கார்பைடை நிறுக்கும்போது மூச்சுக்கூட விடுவதில்லை. விலை அப்படி.

ஜூன் 5, புதன்

1,900 டிகிரி, 50 மெகாபாஸ்கல், 10 நிமிடம். அடர்த்தி பார்க்க, வெளிவந்த வில்லையைத் தண்ணீரில் இறக்கியதுமே ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. தராசைப் பார்க்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.45 கிராம். கணக்குப்படி 9.39 வர வேண்டும். பத்து சதவீதம் வெறும் ஓட்டை.

ஜூன் 6, வியாழன்

எக்ஸ்ஆர்டியும் (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) கைவிட்டது. எல்லாம் கலந்திருந்தால் 34 டிகிரி கோணத்துக்குப் பக்கத்தில் ஒரே பீக் (கூர்முகடு) நிற்க வேண்டும், அந்த இடத்தில் இரண்டு. இடப்பக்கம் சிர்கோனியமும் ஹாஃப்னியமும் சேர்ந்த கூட்டம், வலப்பக்கம் மற்றவை. சிர்கோனியம் கார்பைடின் அணிக்கோவை அளவு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தின் பக்க நீளம்) 4.70 ஆங்ஸ்ட்ராம், டைட்டானியம் கார்பைடுடையது 4.33. இவ்வளவு வித்தியாசமானவை கலக்க நேரமும் சூடும் வேண்டும். நான் இரண்டையுமே கொடுக்கவில்லை.

ஜூனியர் பையன், "அண்ணா, கொஞ்சம் கோபால்ட் போட்டா ஈஸியா அமுங்கிடுமே?" என்றான். அமுங்கும்தான். ஆனால் கோபால்ட் 1,495 டிகிரியில் உருகும். 2,000 டிகிரியைத் தாங்கத்தான் இந்தப் பொருளையே செய்கிறோம். அதற்குள் உருகும் உலோகத்தை வைப்பது சுவரில் வெண்ணெய் பூசுவது மாதிரி.

ஜூன் 11, செவ்வாய்

சார் வேறு வழி சொன்னார்: கார்பனைக் குறை. கார்பைடில் சில கார்பன் இடங்கள் காலியாக இருந்தால் அணுக்கள் நகர்வது எளிதாகும். குறைந்த சூட்டிலேயே அடர்த்தி வரும், கலக்கவும் செய்யும். டைட்டானியம் கார்பைடில் பாதியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் டைட்டானியம் ஹைட்ரைடு போட்டேன். மொத்தத்தில் உலோக அணு ஒன்றுக்கு 0.9 கார்பன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பவுடர் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய ஆக்சைடு தோல். அதைக் கார்பன் தின்னும், கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். அது வெளியேறும் முன் ஓட்டைகள் மூடிக்கொண்டால் வாயு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். போன தடவை ஆரம்பத்திலேயே முழு அழுத்தம் கொடுத்தது என் தப்பு. சரி, இனி அவசரமில்லை.

ஜூன் 14, வெள்ளி

வெற்றிட மீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 600 டிகிரிக்குள் ஹைட்ரஜன் வெளியேறி, மீட்டர் ஒருமுறை எகிறி அடங்கியது. பிறகு நெடுநேரம் எதுவுமில்லை. 1,450-ஐத் தாண்டியதும் மெல்ல மறுபடி ஏறியது, அதுதான் ஆக்சைடு. அங்கேயே 15 நிமிடம் நிறுத்தினேன், அழுத்தம் 10 மெகாபாஸ்கலுக்கு மேல் போகவில்லை. மீட்டர் பழைய இடத்துக்கு இறங்கிய பிறகுதான் 50-க்கு ஏற்றினேன். பவுடரை அழுத்தும் பஞ்ச் நகர்வதைக் காட்டும் கோடு 1,700-ல் சரசரவென்று விழுந்தது. 1,850 வருவதற்குள் படுத்துவிட்டது, அதாவது பவுடர் சுருங்கி முடிந்தது!

ஜூன் 19, புதன்

தண்ணீரில் குமிழி இல்லை. 9.1. கார்பன் குறைந்ததால் எட்ட வேண்டிய அடர்த்தியும் சுமார் 9.3 ஆகக் குறையும், ஆக 98 சதவீதத்தை ஒட்டி.

எக்ஸ்ஆர்டியில் கொஞ்சம் குழம்பினேன். மேல் முகத்தில் பீக் அகலமாக, ஒரு தோளுடன் இருந்தது. டைக்கும் பவுடருக்கும் நடுவில் வைத்து, ஒட்டிக்கொண்டிருந்த கிராஃபைட் ஃபாயிலை நான் சுரண்டியிருந்தாலும், அதன் கார்பன் மேல்பரப்புக்குள் ஏறியிருக்கலாம். உப்புத்தாளில் அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு மறுபடி எடுத்தேன். ஒரே பீக்.

கார்பன் குறைந்தால் டைட்டானியம் கார்பைடு மென்மையாகும். இதிலும் அப்படியா என்று விக்கர்ஸ் கடினத்தன்மைச் சோதனையில் பார்க்க வேண்டும். அதற்கு முன், கோடு 1,850-க்குள் படுத்துவிட்டதால் 1,800-ஐ முயன்றே ஆக வேண்டும். அடுத்த ஸ்லாட் 27-ம் தேதி, அதுவும் இரவு ஷிஃப்டில்.