காசுக்கு அளந்து செய்யும் கூடு

பட்டை தீட்டிய கற்கள் குறிப்பிட்ட அளவுகளில் வருவதால் அவற்றைச் சுற்றிப் பிடித்து நகையில் பதிக்கும் உலோகக் கூடுகளை முன்கூட்டியே வார்த்து வைத்துக்கொள்ளலாம். கையால் அடித்து அச்சிட்ட ரோமானியக் காசுக்கு அது ஒத்துவராது. லண்டன் ஹாட்டன் கார்டனில் நான் வேலை பார்க்கும் நகைப் பட்டறைக்குப் பதக்கத்திலோ மோதிரத்திலோ பதிக்க வரும் தெனாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் 18 அல்லது 19 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை என்றாலும், ஒன்றின் விளிம்பு வெடித்திருக்கும், மற்றொன்றில் அச்சு விலகிப் பேரரசரின் பெயரில் பாதி விழாமலே போயிருக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவெடுத்து, அதன் கோணலைப் பின்பற்றியே தங்கத் தகட்டை வளைக்கிறோம்.

இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சுவது பழைய வெள்ளியின் நொறுங்கும் தன்மைக்குத்தான். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த வெள்ளிக்குள் அரிப்பு நுண்ணிய கோடுகளாக ஊடுருவிவிடுவதால், பார்வைக்குத் திடமாகத் தெரியும் காசுகூட அழுத்தத்தில் வளையாமல் உடைந்துவிடக்கூடும். அதனால் பற்றவைப்பு, அமிலத்தில் கழுவுதல், மெருகு ஆகிய அனைத்தையும் கூட்டிலேயே முடித்துக்கொண்டு, கடைசியாகத்தான் காசை உள்ளே வைக்கிறோம். தீயும் சுத்தியலும் அதன் அருகே வருவதில்லை. விளிம்பை மடக்கி இறுக்குவதைவிட, மரை வெட்டிய வளையத்தைப் பின்புறமிருந்து திருகிப் பொருத்துவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் என்றாவது ஒருவர் அதை எடுத்து ஆராய விரும்பினால், காசு வந்தபடியே வெளியே வர வேண்டும்.

துளையிட்டு வளையம் கோக்கச் சொல்பவர்களிடம் மறுத்துவிடுகிறோம். துளையிடுவதும் பழைய வழக்கம்தான். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் சிலவற்றில் பேரரசரின் தலைக்கு மேலே இரண்டு துளைகள் உண்டு. ஆனால் எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுவது, கி.பி. 321-இல் அச்சிட்ட ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் பொற்காசை நடுவில் வைத்து, சுற்றிலும் நுணுக்கமாகத் துளைத்த தங்கச் சட்டம் அமைத்த பதக்கம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பதக்கத்தைச் செய்த பொற்கொல்லர், தம் கைத்திறன் முழுவதையும் சட்டத்தில் காட்டியிருக்கிறார்.

எல்லாக் காசும் மோதிரத்துக்கு ஏற்றதன்று. 3ஆம் நூற்றாண்டில் வெள்ளியின் பங்கு குறைந்துகொண்டே போய், பேரரசர் காலியெனஸ் ஆட்சியின் இறுதியில் வந்த காசுகள் பலவும் வெள்ளிப் பூச்சு கொண்ட செம்புக் கலவையாகவே இருந்தன. விரலின் வியர்வையிலும் உரசலிலும் அந்தப் பூச்சு நிற்காது. வெண்கலக் காசில் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால், குளோரைடு உள்ளிருந்து அரிக்கிறது என்று பொருள்; அதைப் பதிக்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

காசு எங்கிருந்து வந்தது என்பதற்கான தாள்களைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, குறைந்தது 10 விழுக்காடு பொன்னோ வெள்ளியோ கொண்ட காசுகள் இரண்டு ஒரே புதையலில் கிடைத்தாலே அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விற்கப்படும் காசு எந்த வயலில், எவற்றோடு கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. அந்த இழப்பை எவ்வளவு அழகான கூடும் ஈடுசெய்யாது.

வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பது, காசின் கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியுமா என்பதுதான். பள்ளங்களில் தங்கிய அந்தக் கருமையால்தான் காசிலுள்ள பேரரசர் டிராஜனின் நெற்றியும் கழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன என்பதை உருப்பெருக்கியில் காட்டி விளக்குகிறேன். அதன் பிறகும் பளபளப்பே வேண்டும் என்பவர்களுக்குப் புதிதாக வார்த்த நகல் காசில் அதே பதக்கத்தைச் செய்து தருகிறோம்.