கத்தி படுவதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிற வேலை

கறுவா (லவங்கப்பட்டைதான்) உரிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் கத்தி பிடிக்கிற கையைத்தான் புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் அழுத்தித் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் நீளமாகக் கழற்றுவது லேசுப்பட்ட வேலையா என்ன? ஆனால் அந்தக் கைக்கு எப்படிப்பட்ட கம்பு வந்து சேர்கிறது என்பதைத் தீர்மானிப்பது தோட்டம்.

சும்மா விட்டால் கறுவா 10, 15 மீட்டர் உயரத்துக்கு மரமாகிவிடும். இலங்கையில் அப்படி விடுவதில்லை. நட்ட இரண்டு மூன்று வருடத்தில் தரையை ஒட்டி வெட்டிவிடுவார்கள், அடிக்கட்டையிலிருந்து கூட்டமாகத் துளிர் கிளம்பும், அதில் நேராகப் போகிற நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள். நெருக்கி நடுவதும் இதற்காகத்தான், வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே போகும், பக்கக்கிளை குறையும். கிளை வந்த இடத்தில் கணு விழும். கணு இருந்தால் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பட்டை அங்கே கிழியும். அதற்காக ஒரேயடியாக நெருக்கி, களையும் எடுக்காமல் விட்டால் காற்றோட்டம் போய்விடும். இளந்தண்டில் பட்டையைக் கரடாக்குகிற ஒரு பூஞ்சை நோய் உண்டு, அது வந்த கம்பைச் சுரண்டுவதும் சிரமம், உரிப்பதும் சிரமம்.

வெட்டுகிற வயதும் முக்கியம். இளங்கம்பின் பட்டை மெல்லியது, சுருள்களை ஒன்றுக்குள் ஒன்று திணித்து 42 அங்குலக் குழலாக்கும்போது வளைந்து கொடுக்கும். 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள ஆல்பா என்கிற உயர்தரக் குழல் அப்படித்தான் வருகிறது. கம்பை முற்ற விட்டால் எடை கூடும், தரம் இறங்கும்.

அப்புறம் மழை. மழைக்குப் பிறகு சிவப்பாகக் கொழுந்து விட்டு, அது பச்சையாக மாறுகிற நேரத்தில் தண்டில் சாறு ஓடும், பட்டை வழுக்கிக்கொண்டு வரும். வறட்சியில் வெட்டினால் கட்டையோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் விளைகிற காசியா என்ற இன்னொரு பட்டை வகைக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. வருடக்கணக்கில் மரமாக வளர்த்து, சாய்த்து, தடித்த பட்டையாக உரித்து வெயிலில் போடுகிறார்கள். அது காய்ந்து கெட்டியாகச் சுருண்டுகொள்ளும், பெரும்பாலும் பொடியாகத்தான் போகும் என்பதால் கணுவும் கோணலும் பெரிய குறையில்லை. கறுவாவிலும் கோணல் கம்புகளும் உரிக்க வராத பட்டையும் சில்லுகளாக எண்ணெய் எடுக்கப் போகின்றன, ஆனால் அந்த விலைக்கு யாரும் தோட்டம் போடுவதில்லை.

என்னைக் கேட்டால் கன்று வாங்கும்போதே யோசிக்க வேண்டும். விதையில் வந்த செடிகள் ஒன்றுபோல் இருக்காது, ஒன்று சுலபமாக உரியும், அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று அடம்பிடிக்கும். நன்றாக உரிகிற தாய்ச்செடியின் தண்டிலிருந்து எடுத்த கன்றில் அந்தத் தொல்லை குறைவு. ஆணிவேர் இருக்காது என்பதால் முதல் வருடங்களில் தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.