ஒன்பது புத்தகத்தோடு போய்த் தோற்றேன், ஐந்தோடு போய்த் தேறினேன்

2023 டிசம்பரில் முதல் தடவை அகில இந்திய பார் தேர்வு எழுதப் போனபோது என் பையில் ‘பேர் ஆக்ட்’ எனப்படும், சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகங்கள் ஒன்பது இருந்தன. தோள் இரண்டு நாள் வலித்தது. தேர்விலும் தேறவில்லை.

சட்டம் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டம் வாங்கி, மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, கறுப்பு அங்கி போட்டுவிட்டால் வக்கீல் ஆகிவிட்டோம் என்று வீட்டில் நினைப்பார்கள். அது தற்காலிகப் பதிவு. இரண்டு வருடத்துக்குள் இந்தத் தேர்வில் தேறினால்தான் தொடர்ந்து தொழில் செய்யலாம். இந்திய பார் கவுன்சில் 2011லிருந்து நடத்துகிறது. இப்படி ஒரு தேர்வு வைக்க அதற்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போய், 2023 பிப்ரவரியில் ‘உண்டு’ என்று தீர்ப்பு வந்தது. நான் பதிவு செய்தது அதே வருடம் ஜூலையில். ஆக, எனக்குக் கெடு 2025 ஜூலை.

நான் எழுதியபோது தேர்வு இதுதான்: 100 கேள்வி, மூன்றரை மணி நேரம், நான்கில் ஒன்றைத் தேர்ந்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 எடுத்தால் போதும். குறிப்பு, விளக்கம் எதுவும் இல்லாத பேர் ஆக்ட் கொண்டு போகலாம்.

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கவிழ்த்தது. புத்தகம் கையில் இருக்கும்போது என்ன பயம் என்று, படிப்பதற்குப் பதிலாகப் புத்தகம் வாங்குவதில் தீவிரமாக இருந்தேன். ஹாலில் உட்கார்ந்து கேள்வியைப் பார்த்ததும் புத்தகத்தைப் புரட்டுவேன். எந்த அத்தியாயம் என்று தெரியாது. அடுத்த புத்தகத்தை எடுப்பேன். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடமும் சில நொடியும்தான் வருகிறது. நான் ஒரே கேள்விக்கு ஏழு, எட்டு நிமிடம் தேடியிருக்கிறேன். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னும் முப்பது கேள்விக்கு மேல் பாக்கி. அதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினேன்.

முடிவு வந்த அன்று, நான் ஜூனியராக இருக்கும் சீனியர் வக்கீல் ஒன்றுமே சொல்லவில்லை. "ஏம்மா, அந்தச் செக் கேஸ் கட்டை எடுத்து வை" என்றார். அது திட்டியதை விட வலித்தது.

அடுத்த தேர்வு 2024 டிசம்பர் 22 என்று ஆனது. நடுவில் ஜூலை 1 வந்துவிட்டது. இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்தன. ஐந்து வருடம் மண்டையில் ஏற்றிய எண்களெல்லாம் ஒரே நாளில் பழசு. கொலைக்கான 302 இப்போது 103. 420 போய் 318 ஆகிவிட்டது, இனி ஊரில் ஏமாற்றுக்காரனை என்ன எண் சொல்லித் திட்டுவார்களோ. ஆளைக் கவிழ்க்கிற எண் ஒன்றும் உண்டு: 482. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதாவது நீதி காக்க வழக்கில் தானே தலையிடும் அதிகாரம். புதிய சட்டத்தில் அதே 482 முன்ஜாமீன், பழையதில் 438ஆக இருந்தது. உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துப் பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பேச்சைச் சாட்சியமாக ஏற்கும், சாட்சியச் சட்டத்தின் பிரபலமான 27, தனிப் பிரிவாகவே இல்லை. 23இன் அடியில் ஒரு வரம்புரையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருளடக்கத்தில் விரல் வைத்துத் தேடினால் கிடைக்காது, உள்ளே போய் ஒரு தடவையாவது வாசித்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் உட்கார்ந்து முதல் வேலையாகப் பாடத்திட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 19 பாடம். அரசியலமைப்புக்கு 10, சி.பி.சி. என்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு 10, குற்றவியல் நடைமுறைக்கு 10, தண்டனைச் சட்டத்துக்கு 8, சாட்சியத்துக்கு 8. இந்த ஐந்தே 46 வந்துவிட்டது. ஒப்பந்தம், சொத்து மாற்றம், செக் போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டம் வருகிற தொகுதிக்கு 8, குடும்பச் சட்டத்துக்கு 8 சேர்த்தால் 62. நிறுவனச் சட்டம், சைபர், அறிவுசார் சொத்துரிமை எல்லாம் ஆளுக்கு இரண்டு மதிப்பெண். முதல் தடவை அந்த இரண்டு மதிப்பெண் பாடங்களுக்குத்தான் அதிக நாள் செலவழித்திருந்தேன், கல்லூரியில் சரியாகப் படிக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில்! இந்த முறை அவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினேன். தொழில் நெறி மட்டும் விதிவிலக்கு. நாலு மதிப்பெண்தான் என்றாலும் வழக்குரைஞர்கள் சட்டத்தின் 35 முதல் 38 வரை ஒரு மாலையில் படித்து முடிக்கலாம்.

காலை ஐந்திலிருந்து ஆறரை வரை பேர் ஆக்ட். மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு சட்டத்தின் பொருளடக்கத்தை மட்டும் எடுத்து, எந்த அத்தியாயம் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று வெள்ளைத்தாளில் பார்க்காமல் எழுதுவேன். நியாய சன்ஹிதாவில் 14இல் பொது விதிவிலக்குகள், 63லிருந்து பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள், 303இல் திருட்டு. சுரக்ஷா சன்ஹிதாவில் 35இல் கைது, 173இல் எஃப்.ஐ.ஆர்., 478லிருந்து ஜாமீன். அடுக்களையில் கரண்டி எங்கே, உப்பு எங்கே என்று தெரிந்தால் விளக்கு அணைந்தாலும் கை போகுமில்லையா, அப்படி.

பகலில் கோர்ட். படிக்க நேரமில்லை என்று முதல் வருடம் புலம்பிய அதே கோர்ட்டில்தான் சி.பி.சி. முழுவதும் கிடந்தது என்பது தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு செயலைத் தடுக்கக் கேட்கும் உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) மனு என்றால் ஆர்டர் 39. எதிர்த்தரப்பு ஆஜராகாமல் வந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டால் ஆர்டர் 9, விதி 13. வழக்கைத் தொடங்கும் பிராதையே நிராகரிக்கச் சொன்னால் ஆர்டர் 7, விதி 11. எல்லாம் நான் கையால் எழுதி நம்பர் போடக் கொடுத்த மனுக்கள். செக் கேஸில், செக் திரும்பிய வங்கி மெமோ வந்து 30 நாளில் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். இந்தக் கணக்கைக் குமாஸ்தா அண்ணாச்சி விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்துக் கற்றதுதான் பிறகு மறக்கவேயில்லை. அன்றன்று போட்ட மனுவின் பிரிவை அன்றிரவே வாசித்துவிட வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்.

கேள்வித்தாளைத் தமிழிலும் கேட்கலாம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள் நான், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னிடம் இருந்த பேர் ஆக்ட் எல்லாம் ஆங்கிலம். ‘முன்தீர்ப்புத் தடை’ என்று கேள்வியில் படித்து, அதை மனதுக்குள் ரெஸ் ஜுடிகேட்டா (ஒரு முறை தீர்ந்த வழக்கை மறுபடி போட முடியாது) என்று மாற்றி, பிறகு சி.பி.சி.யில் 11ஆம் பிரிவைத் தேடுவது இரட்டை வேலை. ஆங்கிலத்தையே எடுத்தேன். தமிழில் எழுதுபவர்கள் தமிழ்ப் பதிப்பை வைத்துப் பழகுவது நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சனிக்கிழமை இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். பையில் ஐந்து புத்தகம். ஒரு பேனாக் கோடு இருந்தாலும் வாங்கி வைத்துவிடுவார்களோ என்று, கிறுக்கிய பிரதிகளை வீட்டில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கியவை. எழும்பூரில் இறங்கி, உறவினர் வீட்டில் குளித்து, மதியத் தேர்வுக்குக் காலையிலேயே போய் வாசலில் நின்றேன். கடைசி செமஸ்டர் மாணவர்களையும் எழுத விடச் சொல்லி அந்த செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதனால் அங்கி போட்டவர்களும் இன்னும் டிகிரி வாங்காதவர்களும் கலந்து நின்றோம்.

உள்ளே மூன்று சுற்று. முதல் சுற்றில் புத்தகத்தைத் தொடவே இல்லை, தெரிந்ததை மட்டும் நிரப்பினேன். ஒன்றேகால் மணி நேரத்தில் ஐம்பத்தைந்து முடிந்தது. இரண்டாவது சுற்றில், எந்த அத்தியாயம் என்று தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் புத்தகம். அத்தியாயமே தெரியவில்லையென்றால் புரட்டக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் மிச்சத்தை ஊகித்து நிரப்பினேன், ஒன்றையும் காலியாக விடவில்லை. கேள்வி எண்ணும் வட்டத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று பத்துக் கேள்விக்கு ஒரு தடவை சரிபார்த்தேன். இருபது நிமிடம் மிஞ்சியது.

மார்ச்சில் முடிவு வந்தபோது கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தேன். செல்போனில் பெயரைப் பார்த்துவிட்டு, செஷன்ஸ் கோர்ட்டில் போட வேண்டிய முன்ஜாமீன் மனுவை அண்ணாச்சியிடம் நீட்டிக்கொண்டே, "பாஸ் அண்ணாச்சி" என்றேன். அவர் மனுவை ஒரு பார்வை பார்த்தார்.

"ரொம்பச் சந்தோஷம் வக்கீலம்மா. 438ன்னு போட்டிருக்கீங்க. 482ஆ மாத்திக் குடுங்க."