எருசலேம்ல அம்மாவோட பொருத்தனையும் மியூசியத்துல பார்த்த உடைஞ்ச கல்லும்

ஸ்தோத்திரம். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுட்டே வந்தது, இன்னைக்கு எப்படியாவது எழுதிரணும்னு உக்காந்துட்டேன்.

தம்பி டெங்கு வந்து ஐசியூல கிடந்தப்ப பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போச்சு, அப்ப அம்மா பண்ணின பொருத்தனை தான் இது. "ஆண்டவரே பிள்ளைய திருப்பிக் குடுத்துருங்க, எருசலேமுக்கு வந்து உங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லுதேன்"னு. அந்த நேரத்துல இன்னொண்ணும் நடந்துச்சு, அத சொல்லாம இந்த சாட்சி முழுசாகாது. யாரோ சொன்னாங்கன்னு ஒரு பெரிய ஊழியக்காரர் கிட்ட ஜெபம் பண்ண அம்மா ஓடினாங்க, அங்க டோக்கன், லைன், முன்னாடி உக்கார ஒரு காணிக்கை கவர், கவர் குடுக்காதவங்களுக்கு கடைசி வரிசை. அம்மாவால அவர பார்க்கவே முடியல. திரும்பி வந்து ஐசியூ வாசல்ல தரையிலயே முழங்கால் போட்டு அழுதாங்க. தம்பி பிழைச்சான், கர்த்தருக்கு மகிமை. ஆனா அதுக்கப்புறமும் அம்மா எல்லார்கிட்டயும் சொன்னது "யாரோ பெரியவங்க ஜெபம் தான் பிள்ளைய காப்பாத்திச்சு, என் ஜெபமெல்லாம் எங்க போய் எட்டப்போவுது"ன்னு தான். எனக்கு அத கேக்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

2023 பிப்ரவரியில தான் போக முடிஞ்சுது. காசு சேர்க்கவே வருஷங்கள் ஆயிருச்சு, நம்ம தமிழ்நாடு அரசு எருசலேம் பயணத்துக்கு குடுக்கிற 37,000 ரூபாய் உதவி ரொம்பவே கைகுடுத்துச்சு. ஜோர்டான்ல இருக்கிற அம்மான் ஊருக்குப் போய் இறங்கி அங்கிருந்து பஸ்ல பார்டர் தாண்டுறதுக்குள்ள அம்மாவுக்கு முட்டி வீங்கிருச்சு, ஒரு கவுன்ட்டர்ல இருந்து இன்னொரு கவுன்ட்டர், பாஸ்போர்ட்ட காட்டு பைய திற, உக்கார ஒரு சேர் கிடையாது. அத விடுங்க.

பழைய நகரத்துக்குள்ள போனதும் தான் உண்மையான கஷ்டம். வழவழன்னு தேய்ஞ்ச கல்லு தரை, ஏத்தமும் படியுமா போகுது. சிலுவைப்பாதையில ஒரு நிமிஷம் நின்னு ஜெபிக்கலாம்னா ரெண்டு பக்கமும் கடை, கைய பிடிச்சு இழுக்காத குறையா "ஒன் டாலர் ஒன் டாலர்"னு ஒலிவ மர சிலுவைய முகத்துக்கு நேரா நீட்டுறாங்க. எங்க ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழின்னு நெஞ்சு விம்மி வந்திருக்கோம், நம்மள நாலு அடி நிம்மதியா நடக்க விட மாட்டேங்குறாங்க. அதோட டூர் ஆள் வேற "சீக்கிரம் வாங்க அடுத்த இடம் இருக்கு"ன்னு கொடிய தூக்கிட்டு ஓடுறார்.

இயேசுவோட கல்லறை இருக்கிற கல்லறை திருச்சபைக்குள்ள, அவர சிலுவையில அறைஞ்ச இடமான கல்வாரிக்கு ஏறுற படி செங்குத்தா இருக்கும், அம்மா ஒவ்வொரு படியிலயும் "இயேசப்பா"ன்னு சொல்லி சொல்லி ஏறினாங்க. கீழ கல்லறைக்கு லைன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னோம். நடுவுல வேற ஒரு குரூப் அப்படியே பூந்துட்டாங்க, யாரும் கேக்கல. உள்ள ஒரே நேரத்துல மூணு நாலு பேர் தான் நிக்க முடியும், குனிஞ்சு தான் நுழையணும். அம்மா அந்த பளிங்குக் கல்ல தொட்டு தலைய சாய்ச்சு வாய திறக்கிறதுக்குள்ள வெளிய நின்னவர் தட்டி தட்டி போங்க போங்கன்னுட்டார். அம்மா வெளிய வந்து "நான் ஒண்ணுமே சொல்லலையே டி, தம்பி பேர கூட சொல்லலையே"ன்னு தேம்பினாங்க. ஆயிரக்கணக்குல ஆள் வர்ற இடம், அவங்க என்ன செய்வாங்கன்னு புத்திக்கு தெரியுது, ஆனா இத்தனை வருஷம் காத்திருந்த ஒரு அம்மாவுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கலன்னா வயிறு எரியத்தான் செய்யும். அன்னைக்கு ராத்திரி அம்மா சாப்பிடல. "டோக்கன் லைன்லயும் உள்ள விடல, இங்கயும் விடல, என் நேரம் அப்படி"ன்னு படுத்துட்டாங்க.

மறுநாள் இஸ்ரேல் மியூசியம். நிறைய பேருக்கு அங்க போக இஷ்டமே இல்ல, மியூசியத்துக்கா காசு குடுத்து வந்தோம்னு முணுமுணுத்தாங்க. ஆனா ஆண்டவர் அங்க தான் அம்மாவுக்கு பதில் வச்சிருந்தார்.

வெளிய திறந்த வெளியில ரெண்டாம் தேவாலயம், அதான் இயேசு காலத்துல இருந்த யூதர்களோட தேவாலயம், அது இருந்த காலத்து எருசலேமோட மாடல் ஒண்ணு இருக்கு, ஐம்பதுல ஒரு பங்கு அளவுல. வசனத்துல படிச்சதெல்லாம் அங்க கண்ணு முன்னாடி நிக்குது. புறஜாதியார், அதாவது யூதர் அல்லாதவங்க, எது வரைக்கும் வரலாம், பெண்கள் எது வரைக்கும், இஸ்ரவேல் ஆம்பளைங்க எது வரைக்கும், ஆசாரியங்க எது வரைக்கும்னு கைடு காட்டினார், கடைசியில திரைக்கு உள்ள மகா பரிசுத்த ஸ்தலம், அங்க பிரதான ஆசாரியன் மட்டும், அதுவும் வருஷத்துல பாவநிவாரண நாள் ஒண்ணுல மட்டும், இரத்தத்தோட. அம்மா கேட்டாங்க, "அப்ப நாம எங்க நின்னுருப்போம்?" கைடு வெளிப்பிராகாரத்துல இருந்த ஒரு சின்ன தடுப்பு சுவர காட்டினார். அதுக்கு இந்தப் பக்கம். நாம புறஜாதி, அது வரைக்கும் தான்.

அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போய் ஒரு உடைஞ்ச கல்ல காட்டினார். அந்த தடுப்புல நிஜமாவே பதிச்சிருந்த எச்சரிக்கை கல்லு அது. கிரேக்கத்துல வெட்டியிருக்கு, எழுத்துக்குள்ள சிவப்பு வர்ணம் பூசின தடம் இருக்கு. முழு கல்லு 1871ல கிடைச்சு இப்ப இஸ்தான்புல் மியூசியத்துல இருக்காம், இது 1930கள்ல கிடைச்ச இன்னொரு கல்லோட துண்டு. அர்த்தம் இது தான்: அந்நியன் எவனும் இந்த தடுப்ப தாண்டி வரக்கூடாது, பிடிபட்டா அவன் சாவுக்கு அவனே பொறுப்பு. அப்போஸ்தலர் 21ல துரோப்பீமுங்கிற எபேசு ஊர் புறஜாதிக்காரன பவுல் உள்ள கூட்டிட்டு வந்துட்டார்னு நினைச்சு தான அவர அடிச்சே கொல்லப் பார்த்தாங்க, அது இந்த சுவர் விஷயம் தான்.

அம்மா அந்த கல்லு முன்னாடி அசையாம நின்னுட்டாங்க. எங்க குரூப் போயிருச்சு, டூர் ஆள் கூப்பிடுறார், அம்மா வரல. மெதுவா சொன்னாங்க, "ஏட்டி, இத நான் எங்க ஆச்சி சொல்லி கேட்டுருக்கேன் டி."

எங்க ஆளுங்க தெக்கத்தி சீமையில கோயிலுக்குள்ள போகக்கூடாத ஜனமா இருந்தவங்க. கமுதி கோயிலுக்குள்ள 1897ல நாடார்கள் போனதுக்காக நடந்த கேஸ், வெள்ளைக்காரன் காலத்து கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908ல தோத்தது எங்க வீட்டுல இன்னும் பேசுற கதை. சரி வேதத்துக்கு, அதான் கிறிஸ்தவத்துக்கு, வந்தாவது ஒண்ணாவோம்னு பார்த்தா அங்கயும் விடல. வடக்கன்குளத்துல 1872ல கட்டின கத்தோலிக்க கோயில்ல ஜனங்கள ரெண்டா பிரிச்சு நடுவுல சுவர், மேல்சாதின்னு சொல்லிக்கிட்டவங்க ஒரு பக்கம் மத்தவங்க இன்னொரு பக்கம், பீடம் ஒண்ணு தான். 1910ல அந்த சுவர சாமியாரே இடிக்க வச்சார், எங்க உரிமை போச்சுன்னு சிலர் ஹைகோர்ட் வரைக்கும் போயும் சுவர் திரும்ப வரல. நாங்க கத்தோலிக்கர் இல்ல, சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) தான், ஆனா அந்த சுவர் கதைய ஆச்சி சொல்லும்போது கண்ணு கலங்கிரும்னு அம்மா சொல்வாங்க. கிறிஸ்துவோட சபைக்குள்ள அப்படி ஒரு சுவர் நின்னுச்சுங்கிறது எனக்கு இன்னைக்கும் தாங்க முடியாத வெட்கம், எபேசியர் 2ல பிரிவினையாகிய நடுச்சுவர தகர்த்தார்னு அத்தனை தெளிவா எழுதியிருக்கும்போது.

அந்த கல்லு முன்னாடி தான் அம்மா பைபிள திறந்தாங்க. எபிரெயர் 4:16. "ஆதலால், நாம் இரக்கத்தைப் பெறவும், ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபையை அடையவும், தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்." தைரியமாய்ங்கிற இடத்துல நிறுத்திட்டாங்க. திரும்ப வாசிச்சாங்க. மனப்பாடமா தெரிஞ்ச வசனம் தான், சண்டே ஸ்கூல்ல ஒப்பிச்சு பரிசு வாங்கினது. "சாவுன்னு எழுதின இடத்த தாண்டி நம்மள உள்ள கூட்டிட்டுப் போயிருக்கார்ட்டி, அவரு சாவ அவரு ஏத்துக்கிட்டு. ஐசியூ வாசல்ல நான் கேட்டது நேரா உள்ள தான் போயிருக்கு, நடுவுல யாரும் இல்ல." அப்படி சொல்லிட்டு அம்மா அழுதாங்க பாருங்க, நானும் அழுதேன், அந்த மியூசிய காவலாளி பொண்ணு பயந்துபோய் தண்ணி கொண்டு வந்து குடுத்துச்சு, அந்த பிள்ளைய கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும்.

இயேசு சிலுவையில உயிர விட்டப்ப தேவாலயத்து திரைச்சீலை மேல இருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சதுன்னு மத்தேயு எழுதியிருக்கார், மனுஷன் கிழிச்சா கீழ இருந்து தான கிழிப்பான், இது மேல இருந்து வந்தது. அந்த கிழிஞ்ச திரைக்குள்ள போக உரிமை உள்ளவங்க நாம, ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்னு பேதுரு நம்மள தான் சொல்றார், பெரிய மேடையில கோட் போட்டு நிக்கிறவங்கள மட்டும் இல்ல. பீடி சுத்துற அக்காவும் பதனீர் காய்ச்சுற பாட்டியும் அதுல உண்டு. இத நம்ம சபைகள்ல எத்தனை பேர் நம்புறோம்? ஊழியக்காரங்க ஜெபிக்கட்டும், நல்லது தான், ஒருத்தருக்கொருத்தர் ஜெபிக்க வேதமே சொல்லுது. ஆனா கவர் குடுத்தா தான் முன் வரிசைன்னு வைக்கிறது ஆண்டவர் இடிச்ச சுவர திரும்ப செங்கல் வச்சு கட்டுற வேலை. இத நான் கோபமா தான் எழுதுறேன்.

சாயங்காலம் மேற்கு சுவர், அதான் அந்த பழைய தேவாலய வளாகத்தோட மிச்சமிருக்கிற மதில், அதோட சுரங்கப்பாதைக்கு போனோம். ஒத்த கல்லே 13 மீட்டருக்கு மேல நீளம், பார்த்தா மலைப்பா இருக்கு. கொஞ்சம் உள்ள போனா பழைய மகா பரிசுத்த ஸ்தலம் இருந்ததா நம்புற இடத்துக்கு நேரா ஒரு குறுகலான இடம், யூத அம்மாக்கள் சின்ன ஜெப புஸ்தகத்த வச்சு கல்லுல நெத்திய ஒட்டி அழுதுட்டு இருந்தாங்க. அவங்க ஏக்கத்த பார்த்து எனக்கு ரொம்ப மரியாதை வந்துச்சு. அம்மா அவங்களுக்கு இடைஞ்சல் இல்லாம ஒதுங்கி நின்னு, "எங்கப்பா, வந்துட்டேன்"னு ஆரம்பிச்சாங்க. தம்பி பேரு, அவன் பொண்டாட்டி பேரு, என் பேரு, எங்க தெரு, சபை, அந்த டோக்கன் குடுத்த ஊழியக்காரர் பேரு கூட, ஒவ்வொண்ணா. கூட்டத்துல யாரும் அவசரப்படுத்தல. முந்தின நாள் அழுத அழுகைக்கு அடையாளமே இல்ல முகத்துல. கர்த்தாவே நீர் நல்லவர், எங்க அம்மாவுக்கு இத காட்ட இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீரே, வயசான காலத்துல, அந்த முட்டி வலியோட, எத்தனை நன்றி சொன்னாலும் பத்தாது.

ஒலிவ மலை, பெத்லகேம், கலிலேயா கடல் எல்லாம் பார்த்தோம், அத எல்லாரும் எழுதியிருக்காங்க, நான் எழுதல. ஒலிவ மலையில கர்த்தருடைய ஜெபத்த பல பாஷையில செராமிக் ஓட்டுல எழுதி வச்சிருக்கிற கோயில்ல தமிழும் இருக்கு, அத மட்டும் தேடிப் பார்த்துட்டு வாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல யுத்தம் வந்துருச்சு. அங்க உள்ள ரெண்டு பக்கத்து ஜனங்களுக்காகவும் அம்மா தினமும் ஜெபிக்கிறாங்க, அந்த தண்ணி குடுத்த பொண்ணுக்காகவும்.

போறவங்க முட்டிக்கு பெல்ட் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க, கல்லறைக்கு விடியக்காலையிலயே போயிருங்க, மியூசியத்த விட்டுராதீங்க.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா மகளுக்கு வரன் அமையலன்னு வந்து, "நீங்க எருசலேம் போயிட்டு வந்தவங்க, உங்க ஜெபம் கேக்கும், எனக்காக ஜெபிங்க"ன்னாங்க. அம்மா பாயை விரிச்சு அவங்கள பக்கத்துல உக்கார வச்சு, "சேர்ந்து கேப்போம் மா, உன் பிள்ளை விஷயம், மொதல்ல நீ ஆரம்பி"ன்னு சொல்லிட்டாங்க.