கலருக்கு முன்னாடி கோணம்

ஸ்டேஜ் லைட்டிங் டிசைன் கோர்ஸ்ல சேர்றவங்க நிறைய பேர் தானா திரும்பி சுத்துற மூவிங் ஹெட் லைட்டும் கலரும் பாத்து மயங்கி வர்றவங்கதான், நானும் அப்படித்தான் போனேன். ஆனா ஆரம்பத்துல கலர் ஃபில்டர் பெட்டிய தொடவே விடல. ஒரே ஒரு ஃப்ரெனல் லைட்டு (ஓரம் மென்மையா விழற ஸ்டேஜ் லைட்டு), ஸ்டூல்ல ஒரு ஆளு, அவ்ளோதான் கிளாஸே. லைட்ட நேரா முன்னாடி வெச்சா மூஞ்சி தட்டையாகி மூக்கு இருக்கற இடமே தெரியாது, தலைக்கு நேர் மேல கொண்டு போனா கண்ணு ரெண்டும் குழி, கீழேர்ந்து அடிச்சா பேயேதான், கொஞ்சம் பக்கமா தள்ளி 45 டிகிரி உயரத்துலேர்ந்து வந்தாதான் பாக்குற மாதிரி இருக்காரு. பின்னாடி ஒரு பேக் லைட் சேத்ததும் தோள் ஓரத்துல ஒரு கோடு விழுந்து ஆளு திரைய விட்டு தனியா பிரிஞ்சு நிக்கிறாரு பாருங்க, அத படிச்சு தெரிஞ்சுக்க முடியாது.

அப்புறம்தான் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் முறை. யேல் யுனிவர்சிட்டில பாடம் எடுத்தவரு, 1930கள்ல சொன்னது. மேடைய சின்னச் சின்ன ஏரியாவா பிரிச்சுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கத்துலேர்ந்து லைட்டு, ஒரு பக்கம் வார்ம் (மஞ்சள் சாயல்), இன்னொரு பக்கம் கூல் (நீலச் சாயல்). பேசி நடிக்கிற நாடகத்துக்கு இன்னும் சரியாத்தான் இருக்கு, டான்ஸுக்கு எனக்கு பத்தல, அங்க மேடையோட ஓரத்துல இருக்கற விங்ஸ்லேர்ந்து வர்ற சைடு லைட்டுதான் உடம்ப காட்டும்.

லைட்டுங்கள கன்சோல்லேர்ந்து கன்ட்ரோல் பண்ற டிஎம்எக்ஸ் பக்கம் பயந்த அளவுக்கு ஒண்ணுமில்ல, ஒரு யூனிவர்ஸ்க்கு, அதாவது ஒரு கன்ட்ரோல் லைனுக்கு, 512 சேனல், ஒவ்வொரு லைட்டுக்கும் அட்ரஸ் இடிக்காம போட்டு, எந்த லைட்டுக்கு எந்த அட்ரஸ்னு பேட்ச் ஷீட்ட ஒழுங்கா எழுதி வெச்சா வண்டி ஓடும். கலர் கிளாஸ்ல சிவப்பு டிரெஸ் மேல பச்சை லைட் போட்டு காட்டினாங்க, டிரெஸ் கறுப்பாயிடுச்சு, காஸ்ட்யூம்காரங்ககிட்ட முன்னாடியே பேசணும்ங்கறது அப்பவே மண்டைல ஏறிடுச்சு.

இப்ப வேலைல டைரக்டர் "இந்த இடம் இன்னும் சோகமா வேணும்"னு சொன்னா உடனே நீலத்துக்கு கை போறதில்ல. ஃப்ரண்ட் லைட்ட கொஞ்சம் இறக்கி, லைட் மெதுவா மாறற ஃபேட 3 செகண்ட்லேர்ந்து 8 செகண்ட் ஆக்கி பாப்பேன், பல தடவ அதுலயே முடிஞ்சிடும். இதுல எல்இடி ஒரு தலைவலி. பழைய டங்ஸ்டன் லேம்ப் இறங்க இறங்க ஆரஞ்சு ஏறி அழகா அணையும், எல்இடி கலர் மாறாம இறங்கும், மட்டமான ஃபிக்ஸ்சரா இருந்தா கடைசில பொசுக்குனு போயிடும். அதனால டிம்மர் கர்வ் (லைட் எப்படி இறங்கணும்ங்கற செட்டிங்) மாத்தி, ஆம்பர் மஞ்சள் கொஞ்சம் கலந்து, பக்கத்துல ஒரு டங்ஸ்டன ஒட்ட விட்டு ஏதோ ஒப்பேத்துறது. டெக் ரிஹர்சல்ல (லைட்டு, சவுண்டு எல்லாம் சேத்து பாக்குற ஒத்திகை) பாதி நேரம் லைட் அணையுற இந்த கடைசி 5 சதவீதத்துக்கே போயிடுது, டைரக்டர் வாட்ச்ச பாத்துட்டே உக்காந்திருப்பாரு.