வாரம் 2 மணி நேரத் தமிழ்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு ஆண்டில் 40 வாரம் கிடைத்தாலே பெரிது. வாரம் 2 மணி என்றால் மொத்தம் 80 மணி நேரம். அதற்குள் 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பது வீண் வேலை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், பிறகு கால், கொம்பு முதலிய குறிகள் தெரிந்தால் போதும். 216 உயிர்மெய்யும் அவற்றின் சேர்க்கைதானே! ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கிப் புள்ளியையும் காட்டிவிட்டால், சில வாரங்களிலேயே 'படம்', 'பட்டம்' வாசித்துவிடுவார்கள். தடுக்கி விழுவது உகர, ஊகார வரிசையில். கு, டு, பு, து: ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

வகுப்பை வயது பார்த்துப் பிரிக்காதீர்கள். வீட்டில் தமிழ் கேட்கும் ஆறு வயதுக்காரருக்குப் புரிவது, கேட்காத பத்து வயதுக்காரருக்குப் புரியாது. முதல் நாள் ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொன்னால் நிலை தெரிந்துவிடும்.

"வந்துட்டாங்க" என்று சொல்லும் பிள்ளையை உடனே "வந்துவிட்டார்கள்" என்று திருத்துவதுதான் எனக்கு ஆகாதது. அடுத்த வாரம் அது வாயே திறக்காது. பேச்சுக்குப் பேச்சுத் தமிழ், எழுத்துக்கு எழுத்துத் தமிழ். தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் பேச முந்தையதுதான் வேண்டும்.